ஏரி அரிசியை யாருக்காக ஆராய்கிறார்கள்?

பழங்குடி மக்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து உள்ளூர் உணவுச் செடிகளை ஆராய்கிறார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, இது நிஜமாகவே கூட்டு வேலையா, இல்லை பழைய சுரண்டலுக்கு வைத்த புதுப் பெயரா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, "அந்தச் செடியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததையா விஞ்ஞானி போய்க் கண்டுபிடிக்கப் போகிறார்" என்றும் ஒரு வரி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: தனித்தனியாக இருந்தால் கிடைக்காத ஏதாவது, சேர்ந்து வேலை செய்வதால் கிடைக்கிறதா? கிடைத்தால் அது கடைசியில் யார் கைக்குப் போகிறது?

நான் மண் வேதியியல் படித்தவன். ஏரி அடிச்சேற்றில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை, அதுவும் அமெரிக்காவின் வடக்குப் பகுதியில், பெரிய ஏரிகளை ஒட்டிய மாநிலங்களில். அதனால் உலகம் முழுவதையும் பற்றிப் பொதுவாகப் பேசாமல், எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு செடியை வைத்தே பதில் சொல்கிறேன். அந்தப் பகுதியின் பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் மனோமின் என்று சொல்லும் தானியம் அது. கடையில் 'வைல்டு ரைஸ்', அதாவது காட்டரிசி, என்று கறுப்பாக, நீளமாக, பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. அவர்களுக்கு இந்தச் செடியோடு உள்ள உறவைப் பற்றி அவர்கள் பொதுவெளியில் சொல்லியிருப்பதை மட்டும்தான் நான் சொல்ல முடியும், அதற்கு மேல் விளக்கம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. சேற்றைப் பற்றி மட்டும் தைரியமாகப் பேசுவேன்.

பெயரில் அரிசி இருந்தாலும் இது நம் நெல் இல்லை, நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம். புல் குடும்பத்தில் ஒரே கிளை, ஆனால் வேறு பேரினம். அறிவியல் பெயர் சிசானியா பலஸ்ட்ரிஸ். மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், எல்லை தாண்டி கனடாவின் ஒன்டாரியோ என்று ஆழமில்லாத ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் தானாக விளைகிறது. ஒரு வருடச் செடி. இலையுதிர் காலத்தில் மணி முற்றி உதிர்ந்து தண்ணீரில் விழும், நீண்ட கூர் இருப்பதால் நேராக இறங்கிச் சேற்றில் குத்திக்கொள்ளும். அதற்கப்புறம் மூன்று நான்கு மாதமாவது உறைநிலையை ஒட்டிய குளிர்நீரில் கிடந்தால்தான் முளைக்கும். எல்லா விதையும் மறு வருடமே முளைத்துவிடாது, சில விதைகள் பல வருடம் சேற்றிலேயே உறங்கிக் கிடக்கும். ஒரு வருடம் மொத்தமாகப் பொய்த்தாலும் ஏரி வெறுமையாகிவிடாமல் இருப்பது இதனால்தான். ஜூன் வாக்கில் இலைகள் தண்ணீர் மேல் படுத்து மிதக்கும். அந்தச் சமயத்தில் வேர்ப்பிடிப்பு ரொம்பப் பலவீனம். பெருமழையிலோ அணை திறப்பிலோ நீர்மட்டம் சட்டென்று ஏறினால், மிதக்கிற இலையே செடியை வேரோடு பிடுங்கி எடுத்துவிடும்.

அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடக்கும். ஒரு சிறு படகில் இரண்டு பேர். ஒருவர் நீண்ட கோலால் படகைத் தள்ளுவார். இன்னொருவர் கையில் இரண்டு மெல்லிய மரக்கழிகள், பெரும்பாலும் சீடார் மரத்தில் செய்தவை. ஒரு கழியால் கதிர்களைப் படகுக்குள் வளைத்து, மற்றதால் லேசாகத் தட்டுவார். முற்றிய மணிகள் மட்டும் படகில் விழும், முற்றாதவை கதிரிலேயே நிற்கும், சில நாள் கழித்து அதே இடத்துக்கு மறுபடி வரலாம். தண்ணீரில் விழுவது அடுத்த வருட விதை. மினசோட்டா மாநிலச் சட்டமே படகு 18 அடிக்கு மேல் நீளமாக இருக்கக்கூடாது, கழி 30 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, அதன் எடை ஒரு பவுண்டுக்குள், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஓங்கி அடித்தால் செடி முறியும், பச்சை மணியும் சேர்ந்து கொட்டிவிடும். கொண்டுவந்ததைக் காயவைத்து, இரும்புக் கொப்பரையில் துடுப்பு போட்டுக் கிளறி வறுத்து, மெத்தென்ற தோல் காலணியோடு குழிக்குள் இறங்கி மிதித்து உமி நீக்கி, பிர்ச் மரப்பட்டைத் தட்டில் புடைப்பார்கள். நம் வீட்டுப் பாட்டிகள் முறத்தில் புடைக்கும் அதே மணிக்கட்டு அசைவு. இப்படி வறுத்த அரிசி பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும், கடைக் கறுப்பு அரிசியைவிடச் சீக்கிரம் வேகும், புகை வாசம் வேறு.

இது அவர்களுக்கு வெறும் உணவு இல்லை என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம் மட்டும் இல்லை, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1837-ல் அமெரிக்க அரசோடு ஒஜிப்வே மக்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, விட்டுக்கொடுத்த நிலத்திலும் ஆறுகளிலும் ஏரிகளிலும் வேட்டையாட, மீன் பிடிக்க, காட்டரிசி சேகரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த உரிமை இன்றும் செல்லும் என்று 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, ஏரியில் அரிசி விளையாமல் போனால் ஒரு பயிர் போகிறது என்பதோடு நிற்காது, எழுதிக் கொடுத்த ஓர் உரிமை கையில் காகிதமாக மட்டும் மிஞ்சும்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அது சரியான சந்தேகம், மனோமின் கதையின் முதல் பாதி அதை முழுசாக நிரூபிக்கிறது. 1960-களில் மினசோட்டா பல்கலைக்கழகம் இந்தச் செடியை வயலில், பாத்தி கட்டி, இயந்திரத்தால் அறுக்கும் பயிராக மாற்றும் வேலையில் இறங்கியது. காட்டுச் செடியில் மணி ஒரே நேரத்தில் முற்றாது, முற்றியது நிற்காமல் உதிரும். இயந்திரத்துக்கு இரண்டுமே ஒத்துவராது. அதனால் உதிராத ரகங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ஆராய்ச்சியாக அது நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன ஆயிற்று? 1980-களில் கலிஃபோர்னியாவின் பெரிய பண்ணைகள் இதைப் பயிரிட ஆரம்பித்தன, சந்தையில் சரக்கு குவிந்தது, படகில் போய்த் தட்டி எடுத்து வந்தவர்களின் அரிசிக்கு விலை விழுந்தது. பாக்கெட்டின் மேல் மட்டும் படகும் ஏரியும் அப்படியே இருந்தன. பிறகு மினசோட்டாவில், வயலில் விளைந்தது என்றால் லேபிளில் அதைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. அந்த மக்கள் பரம்பரை பரம்பரையாகக் காத்து வந்த ஒரு செடியை எடுத்து, அவர்களுக்கே போட்டியாக நிறுத்திவிட்டார்கள். யாரும் திருட வேண்டும் என்று திட்டம் போடவில்லை. அவர்களைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான், பாதிப்பு அதனால் ஒன்றும் குறையவில்லை.

அடுத்து மரபணு. அதே பல்கலைக்கழகத்தில் மனோமினின் மரபணு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தபோது, 1998-ல் மினசோட்டா சிப்பெவா (ஒஜிப்வே மக்களின் இன்னொரு பெயர்) பழங்குடி அமைப்பின் தலைவர் பல்கலைக்கழகத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். உடன்படிக்கையில் குறிப்பிட்ட ஏரிகளில் இயற்கையாக விளையும் வகைகள் ஈடில்லாத செல்வம், அதை யாரோ லாபத்துக்குப் பயன்படுத்துவதை ஏற்க முடியாது என்பது அதன் சாரம். 1999-ல் ஒரு கலிஃபோர்னிய நிறுவனம் இந்தச் செடியில் கலப்பின விதை உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. 2000-ல் வரைபடமும் வெளியானது. நாங்கள் மரபணு மாற்றம் எதுவும் செய்யவில்லை, வரைபடம் தயாரிப்பது அடிப்படை ஆராய்ச்சிதான் என்று விஞ்ஞானிகள் தரப்பில் சொன்னார்கள். அது உண்மைதான். மரபணு மாற்றிய மனோமின் இன்றுவரை வயலுக்கு வரவில்லை. ஆனால் மக்கள் எழுப்பியது வேறு கேள்வி. காற்றில் மகரந்தம் பறக்கும் செடி இது, நாளைக்கு யாராவது மாற்றினால் அது எங்கள் ஏரிக்கு வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? வரைபடத்தை வைத்து யார் எதற்குக் காப்புரிமை கேட்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு "நாங்கள் செய்யவில்லை" என்பது பதில் ஆகாது. அவர்கள் விடாமல் போராடியதன் பலனாக 2007-ல், மரபணு மாற்றிய காட்டரிசியை வெளியே விடுவதற்கு முன் முழுமையான சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு கட்டாயம் என்று மாநிலச் சட்டம் வந்தது.

இரண்டாம் பாதியில் எங்கே திரும்பியது? என் கணிப்பில், கேள்வியை எழுதும் கை மாறியபோது. அதுவரை பல்கலைக்கழகம் கேட்டது "இதை எப்படி அதிகம் விளைவிப்பது". ஒஜிப்வே மக்கள் கேட்டது "எங்கள் ஏரிகளில் இது ஏன் குறைகிறது". செடி ஒன்றுதான், ஆனால் முதல் கேள்வியோடு ஆரம்பித்தால் விதைப் பண்ணையில் போய் நிற்பீர்கள், இரண்டாவதோடு ஆரம்பித்தால் சேற்றில், சுரங்கக் கழிவுநீரில், அணைக்கதவில் போய் நிற்பீர்கள்.

சேற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "விஞ்ஞானி என்ன புதிதாகக் கண்டுபிடிக்கப் போகிறார்" என்ற உங்கள் வரிக்கு இதுதான் பதில். மினசோட்டாவின் வடகிழக்கில் பெரிய இரும்புச் சுரங்கங்கள் இருக்கின்றன. உடைத்துக் கொட்டிய பாறையில் உள்ள கந்தகக் கனிமம் காற்றும் மழையும் பட்டு சல்ஃபேட்டாகக் கரைந்து ஆறுகளில் இறங்குகிறது. ஜான் மாயில் என்ற மாநில உயிரியலாளர் ஏரி ஏரியாகப் போய்த் தண்ணீரைச் சோதித்து, லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபேட் உள்ள இடங்களில் பெரிய அளவில் காட்டரிசி நிற்பதில்லை என்று 1940-களிலேயே எழுதிவிட்டார். 1973-ல் அந்த 10 மில்லிகிராமே சட்டப்பூர்வ வரம்பாகவும் ஆயிற்று. ஆனால் பல பத்தாண்டுகள் அதை யாரும் கிட்டத்தட்ட அமல்படுத்தவே இல்லை. அரிசி எங்கே குறைகிறது என்பது பழங்குடிக் குடும்பங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் வருடா வருடம் அதே ஏரிக்குப் போகிறவர்கள். ஏன் என்று கேட்டால், மாயில் சொன்னது ஒரு தொடர்பு மட்டும்தான், காரணம் நிரூபணம் ஆகவில்லை என்று தொழில்துறைத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. 2011-ல்தான் மாநிலச் சட்டமன்றம் இதற்கென்று ஓர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது.

கண்டுபிடித்தது இது. சல்ஃபேட் தானாகச் செடிக்குப் பெரிய விஷம் இல்லை. நீருக்கடியில் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது, அங்குள்ள பாக்டீரியாக்கள் மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டைப் பயன்படுத்தும், அப்போது வெளிவருவது சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே அதுதான். நல்ல நிலையில் உள்ள ஒரு மனோமின் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். செடி வேர் வழியாக ஆக்சிஜனைக் கசியவிடுகிறது, சுற்றியுள்ள இரும்பு துருவாகி வேர்மேல் படிகிறது, அது ஒரு காப்பு. சல்ஃபேட் அதிகமாக உள்ள தொட்டியில் வளர்த்த செடியைப் பூக்கும் காலத்துக்குப் பிறகு பிடுங்கினால் அதே வேர் கன்னங்கரேலென்று இருக்கும், இரும்பு சல்ஃபைடு பூசியிருக்கும். மணி பிடிக்கும் சமயத்தில்தான் செடிக்கு நைட்ரஜன் அதிகம் வேண்டும், சரியாக அப்போது வேர் தடுமாறுகிறது. வெளியே பார்த்தால் செடி உயரமாக, பச்சையாக நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. மணி மட்டும் எண்ணிக்கையில் குறைந்து, எடையிலும் குறைந்திருக்கும். எடை குறைந்த மணி அடுத்த வருடம் நலிந்த நாற்று. மினசோட்டாவின் துலூத் நகரில் சூழலியலாளர் ஜான் பாஸ்டர் குழுவினர் வருடக்கணக்கில் தொட்டிகளில் செய்த சோதனையில், லிட்டருக்கு 300 மில்லிகிராம் சல்ஃபேட் கொடுத்த தொட்டிகளில் ஐந்து வருடத்தில் செடி கிட்டத்தட்ட அற்றுப்போனது. ஒரே வருடம் பார்த்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. ஏரிக்கு வருடா வருடம் போகிறவர்கள் "இது மெதுமெதுவாகத்தான் போகிறது" என்று சொன்னதன் பொருள் இதுதான்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மனோமின் எல்லா வருடமும் ஒரே மாதிரி விளையாது, நாலு வருடம் எடுத்துக்கொண்டால் ஒன்று அமோகம், ஒன்று பொய்க்கும், மற்றவை சுமார் என்று பறிப்பவர்கள் சொல்லி வந்தார்கள். வெளியாட்கள் இதை வானிலை என்று தள்ளிவிட்டார்கள். அதே பாஸ்டர் குழு தொட்டிகளில் பார்த்தபோது, வானிலை ஒன்றாக இருந்தாலும் விளைச்சல் ஏறி இறங்கியது. காரணம் வைக்கோல். அமோகமாக விளைந்த வருடம் நிறைய தாள் தண்ணீருக்குள் விழுகிறது, அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சேற்றிலுள்ள நைட்ரஜனைத் தங்களுக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அடுத்த பயிர் பட்டினி, பிறகு தாள் மக்க மக்க நைட்ரஜன் திரும்ப வருகிறது, செடியும் திரும்ப எழுகிறது. அதனால் ஒரு வருடம் குறைந்ததைப் பார்த்துப் பதறுவதும் தவறு, ஒரு வருடம் நிறைய இருந்ததைப் பார்த்து "ஏரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று சுரங்கத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதும் தவறு. என்ன நடக்கிறது என்பது பறிப்பவர்களுக்கு முன்பே தெரியும், எப்படி நடக்கிறது என்பதை ஆய்வகம் சேர்த்தது, இரண்டும் சேர்ந்ததால் எத்தனை வருடம் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று தெளிவானது. தனித்தனியாக இருந்தால் கிடைக்காதது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இந்த மாதிரி ஒன்றுதான்.

நிர்வாகத்தில் என்ன மாறியது என்பதும் முக்கியம். 2009-ல் வைட் எர்த் என்ற ஒஜிப்வே ஒதுக்கிடப் பகுதியில் பழங்குடியினரும் பல்கலைக்கழகத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய ஒரு கருத்தரங்கு நடந்தது, அதன்பிறகு பேச்சு தொடர்ந்தது. 2018-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வாளர் கிரிஸ்டல் இங் தலைமையில் ஒரு கூட்டுத் திட்டம் ஆரம்பமாயிற்று. 'முதலில் மனோமினை எண்ணிப் பார்க்க வேண்டும்' என்ற பொருளில் ஒஜிப்வே மொழியிலேயே அதற்குப் பெயர். பல பழங்குடி அரசுகளும் அவர்களின் மீன், வனவள அமைப்புகளும் அதில் பங்காளிகள். எடுத்தவுடன் மாதிரி எடுக்க ஓடாமல், தொடக்கக் காலத்தை உறவைச் சரிசெய்வதற்கும் என்ன கேள்வி கேட்பது என்று முடிவு செய்வதற்கும் செலவழித்தார்கள். எந்த ஏரிக்குப் போவது என்பது பழங்குடிகளின் முடிவு, தரவு அவர்களுடையது, வெளியிடுவதற்கு முன் அவர்கள் பார்ப்பார்கள். மாதிரி எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருடம் கழித்து ஒரு கட்டுரையோடு திரும்பி வருவதுதான் எங்கள் துறையின் பழைய வழக்கம். மானியக் காலம் மூன்று வருடம், முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் என்று கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்போது, ஒரு வருடம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது லேசான காரியம் இல்லை, இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு வேலையே இதனால் போய்விடலாம். ஆனால் அப்படிச் செய்யாத கூட்டுத் திட்டங்களை நான் கூட்டு என்று சொல்ல மாட்டேன்.

சரி, எது உறுதி, எது இன்னும் உறுதியில்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சல்ஃபைடு இந்தச் செடியைக் கெடுக்கிறது என்பது உறுதி. நீர்மட்டம் ஜூனில் திடீரென ஏறினால் பயிர் போகும் என்பதும் உறுதி. 2012 ஜூனில் துலூத் பக்கம் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் அது கண்கூடாகத் தெரிந்தது. எல்லா ஏரிக்கும் ஒரே சல்ஃபேட் வரம்பு பொருந்துமா என்பதில்தான் சிக்கல். சேற்றில் இரும்பு நிறைய இருந்தால் சல்ஃபைடைப் பிடித்துக் கட்டிவிடும், கரிமப்பொருள் நிறைய இருந்தால் அதிகம் உண்டாகும், அதனால் ஏரிக்கு ஏரி பாதிப்பு மாறும், இது வேதியியலாகச் சரி. இதை வைத்து 10 என்ற ஒரே எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு சமன்பாடு போடலாம் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்வைத்தது. பழங்குடிகள் எதிர்த்தார்கள், தொழில்துறையும் வேறு காரணங்களுக்காக எதிர்த்தது, 2018-ல் நிர்வாக நீதிபதி அதை நிராகரித்துவிட்டார். ஆய்வகத்தில் சரியாக உள்ள ஒரு சமன்பாடு, ஆயிரம் ஏரிகளில் அமல்படுத்தும் விதியாக நல்லதா என்பது வேதியியல் கேள்வி மட்டும் இல்லை. வேதியியல்காரனாக எனக்கு அந்தச் சமன்பாடு அழகாகத் தெரிந்தாலும், 10 என்ற எண் இருப்பதே மேல் என்பதுதான் என் கருத்து. பருவநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்பதும் இன்னும் முழுசாகப் பிரித்தெடுக்கப்படவில்லை. குளிர்காலம் சுருங்கினால் விதை உறக்கம் கலையாது, வெப்பமும் ஈரமும் கூடினால் நம் நெல்லில் வரும் அதே பழுப்புப் புள்ளி நோய்ப் பூஞ்சை இதையும் தாக்கும். இவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது எதற்கு எத்தனை பங்கு என்று சொல்வது கஷ்டம். கரையோர வீடுகள், மோட்டார் படகு அலை, கனடா வாத்துகளின் மேய்ச்சல் என்று இன்னும் நிறைய இருக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடியினரான காணி மக்களின் ஆரோக்கியப்பச்சை என்ற செடி. 1987-ல் அகத்தியமலைப் பகுதியில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிகள் ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அதை விசாரித்து, திருவனந்தபுரம் அருகே உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்து, கோவையில் உள்ள ஆயுர்வேத நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இதில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு, அதற்காக 1997-ல் ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்தார்கள். அப்படிப் பங்கு கொடுக்க வேண்டும் என்று அப்போது எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, நம் பல்லுயிர் சட்டமே 2002-ல்தான் வந்தது. அந்த வகையில் அது பெரிய காரியம். ஆனால் சில ஊர்க் காணிகளோடு மட்டும் பேசினார்கள், மற்ற ஊர்க்காரர்கள் எங்களைக் கேட்கவே இல்லையே என்றார்கள். காட்டிலிருந்து செடி எடுக்க வனத்துறை தடை போட்டதில் விநியோகமும் தடுமாறியது. பணத்தைப் பங்கு போடுவதில் முன்னோடியாக இருந்த ஏற்பாடு, முடிவெடுப்பதைப் பங்கு போடுவதில் பின்தங்கிவிட்டது. பெருவில் கூஸ்கோ பக்கம் சில கெச்சுவா கிராமங்கள் சேர்ந்து நடத்தும் உருளைக்கிழங்குப் பூங்கா இதற்கு நேர்மாறு. லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் அந்த மலைகளிலிருந்து முன்பு சேகரித்துப் போயிருந்த ரகங்களில் நூற்றுக்கணக்கானவற்றை, வைரஸ் நீக்கிச் சுத்தம் செய்து, 2004-ல் செய்த ஒப்பந்தத்தின்படி கிராமங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. பணம் பெரிதாகக் கைமாறவில்லை, கிழங்கு ஊருக்குத் திரும்பிப் போனது.

அதனால் இனி இப்படி ஒரு செய்தி படித்தால், எத்தனை பழங்குடியினர் புகைப்படத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். ஆராய்ச்சி முடிந்த பிறகு தரவு யாருடைய கணினியில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இருந்ததா, இருந்தால் எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். "வேண்டாம்" என்று ஒருமுறைகூடச் சொல்லப்படாத கூட்டு முயற்சியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அவர்களுக்கு என்னதான் கிடைத்தது என்ற கடைசிக் கேள்விக்கு மனோமின் பக்கத்திலிருந்தே பதில் சொல்லி முடிக்கிறேன். ஒஜிப்வே மக்களின் ஃபாண்ட் டு லாக் பழங்குடி அரசு தனக்கென்று நீர்வள அலுவலர்களை வைத்து, தன் ஏரிகளைத் தானே வருடக்கணக்கில் அளந்து, தன் நீர்த்தர வரம்புகளுக்கு 2001-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் ஒப்புதலை வாங்கியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய வடிகால்களால் வற்றிக் கெட்ட ஏரிகளில் நீர்க் கட்டுப்பாட்டு மதகுகள் கட்டி அரிசியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். மாநிலம் பல வருடம் தட்டிக்கழித்த பிறகு, 2021-ல் அதே மத்திய அமைப்பு, சல்ஃபேட் வரம்பு மீறிய சுமார் முப்பது காட்டரிசி நீர்நிலைகளை மாசடைந்தவை என்ற பட்டியலில் சேர்த்தது. பழங்குடி அரசுகள் கொடுத்த அழுத்தம் அதற்கு முக்கியக் காரணம். 2023 ஜூனில், ஃபாண்ட் டு லாக் பக்கம் ஓடிவரும் ஆற்றின் மேல்பகுதியில் வரவிருந்த ஒரு பெரிய செம்பு, நிக்கல் சுரங்கத்துக்குக் கொடுத்திருந்த ஈரநில அனுமதியை அமெரிக்கப் படைப் பொறியாளர் பிரிவு ரத்து செய்தது. கீழே இருக்கும் ஃபாண்ட் டு லாக் நிர்ணயித்த நீர்த்தரத்தை அந்த அனுமதி உறுதிசெய்யவில்லை என்பதுதான் சொன்ன காரணம். அதில் பாதரசம்தான் பெரிய பேச்சு, சல்ஃபேட் மட்டும் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த விசாரணையில் மேசைமேல் வைக்க அவர்களிடம் சொந்த எண்கள் இருந்தன, அவற்றைச் சோதித்துக் காட்ட அவர்களுடைய சொந்த ஆட்களும் இருந்தார்கள்.